பென்ஷன், கேன்டீன், ஈசிஹெச்எஸ்: ரிட்டயர்டு கர்னல் போடும் மார்க்

அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகும் ஜூனியர்கள் போன் செய்தால் பேச்சு கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்: "சார், வெளியே வந்த பிறகு இந்த பென்ஷன், ஆஸ்பத்திரி, கேன்டீன் எல்லாம் உண்மையில் எப்படி ஓடுது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஹோட்டலுக்கும் மிக்சிக்கும் ரிவ்யூ எழுதுகிறார்கள், இதற்கும் எழுதினால் என்ன என்று தோன்றியது. ஐந்துக்கு இவ்வளவு என்று மார்க்கும் உண்டு.

நான் பீரங்கிப்படை. முப்பது வருஷத்துக்கு மேல் சீருடையில் இருந்துவிட்டு 54 வயதில் கர்னலாக வெளியே வந்தவன். கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60. மேலே போனால்தான் கூடுதல் வருஷம். என் வயது சிவில் அதிகாரி இன்னும் ஆறு வருஷம் காரில் சைரன் இல்லாத குறையோடு ஆபீஸ் போய்க்கொண்டிருப்பார், நாம் அதற்குள் காலையில் பால் பாக்கெட் எடுக்கும் ஆளாகிவிடுவோம். போகட்டும், அது தெரிந்துதான் சேர்ந்தோம்.

மார்க் போட நான் வைத்திருப்பது ஒரே அளவுகோல். நான் இல்லாமல் போனால் என் மனைவி தனியாக இந்தச் சேவையை வாங்கிக்கொள்ள முடியுமா? இதை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டாலியனில், ரெஜிமென்டில் இருக்கும்வரை ஒரு அதிகாரி தன் சொந்தக் காகிதத்தைத் தானே நிரப்புவது அபூர்வம். ஹெட் கிளார்க் சாப் ஃபைலைக் கொண்டுவந்து வைப்பார், "இங்கே ஒரு சைன் சார், இங்கே ஒன்று" என்பார், முடிந்தது. ரயில் வாரண்டிலிருந்து பிள்ளைகளின் ஸ்கூல் சர்டிபிகேட் வரை அப்படித்தான். டைனிங் அவுட் என்ற வழியனுப்பு விருந்து இரவு முடிந்து ஜீப்பை யூனிட்டே கயிறு கட்டி இழுத்து வழியனுப்பிய மறுநாளிலிருந்து அந்த ஹெட் கிளார்க் கிடையாது. சலுகை எல்லாம் அப்படியே இருக்கிறது, அதை நடத்திக் கொடுத்த ஆள்தான் இல்லை. நமக்கே இப்படி என்றால், கணவரின் சர்வீஸ் நம்பரைக்கூட டைரியைப் பார்த்துச் சொல்லும் மனைவிக்கு எப்படி இருக்கும்?

முதலில் பென்ஷன். பணம் என்ற அளவில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கணக்கு எளிது: அடிப்படைச் சம்பளமும் ராணுவச் சேவை ஊதியமும் சேர்ந்து கடைசியாக 2 லட்சம் வாங்கினீர்கள் என்றால் பென்ஷன் 1 லட்சம். அதில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்து, அதாவது மாசாமாசம் வருவதை வெட்டிக்கொண்டு, முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் (சிவிலியன்களுக்கு 40தான்), 15 வருஷம் கழித்து வெட்டிய பகுதி திரும்ப வந்துவிடும், அகவிலை நிவாரணம் மட்டும் எப்போதும் முழு பென்ஷனுக்கும் கணக்கிடப்படும். ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் திட்டம் 2014 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம் என்று 2019, 2024 கணக்கில் இரண்டு முறை கூட்டியும் கொடுத்தார்கள். 80 வயதைத் தொட்டால் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதல், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் இரட்டிப்பு. நடைப்பயிற்சி போகாதவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

ஆனால் யாரும் மெஸ்ஸில் உட்கார்ந்து பேசாத கணக்கு ஒன்று இருக்கிறது, அது குடும்ப பென்ஷன். நாம் போன பிறகு மனைவிக்கு 7 வருஷம், அல்லது நமக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய தேதி, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை நம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம். அதற்கப்புறம் 30. அதாவது 67-ஐத் தாண்டிவிட்டு நாம் கண்ணை மூடினால் அவர்களுக்கு முதல் மாசத்திலிருந்தே 30 சதவீதம்தான், மேலே சொன்ன உதாரணத்தில் 1 லட்சமாக இருந்தது வெறும் 60 ஆயிரமாகக் குறைந்துவிடும். நிவாரணமும் அந்த 60 ஆயிரத்துக்குத்தான். மோசமான தொகை என்று சொல்லவில்லை. ரிட்டயர் ஆன உற்சாகத்தில் 1 லட்சத்தை நம்பி வீட்டுக் கடனும் கார் கடனும் 65 வயதுக்கு மேல் இழுத்துவைத்திருக்கும் நண்பர்கள் எனக்குத் தெரியும், அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் "அடப் போய்யா, நல்லதைப் பேசு" என்கிறார்கள். அவர்களுடைய மனைவிமார்கள் அந்தப் பக்கம் காபி கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பணத்தை இப்போது நடத்துவது ஸ்பர்ஷ் என்ற இணையதளம். முன்பு வங்கியே கணக்குப் போட்டுக் கொடுத்துவந்தது, இப்போது பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகம் நேராகக் கணக்கில் போடுகிறது. நல்ல விஷயம், உத்தரவு எண்ணிலிருந்து பிடித்தம் வரை எல்லாம் ஒரே இடத்தில் கண்ணில் படுகிறது, பழைய பாஸ்புக்கில் தொகை மட்டும் வரும், ஏன் இவ்வளவு என்று மேனேஜருக்கே தெரியாது. வருஷாந்திர உயிர்வாழ்வுச் சான்றும் சுலபம். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று 2014-ல் வந்தபோது கைரேகைக் கருவி வேண்டும், வயதானவர்களுக்கு ரேகை விழாது, பெரிய தலைவலி. 2021-லிருந்து போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்றாகிவிட்டது. படுக்கையில் இருக்கும் ஒரு பிரிகேடியருக்கு அவர் பேத்தி இப்படித்தான் செய்துகொடுத்தாள், சார் மீசையை ஒதுக்கிக்கொண்டு போஸ் கொடுத்தார்.

தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது, பெயரில். ராணுவப் படிவத்தில் முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நம்ம ஊர் ஆளுக்கு இருப்பது இனிஷியலும் பெயரும்தான். கல்யாணம் ஆனதும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பதிவு செய்யும் உத்தரவு) போடும்போது அன்றைய கிளார்க் மனைவி பெயரோடு நம் பெயரைக் குடும்பப் பெயராக ஒட்டியிருப்பார். பான் கார்டில் அதே பெயர் அப்பாவின் இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். மனைவி பெயர் கோமதி என்று வையுங்கள், ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஐயா (i) ஒய்யா (y) என்பது இன்னொரு யுத்தம். நாம் இருக்கும்வரை இது யாருக்கும் பிரச்சினையில்லை, ஏனென்றால் பென்ஷன் நம் பெயரில் வருகிறது. நாம் போன பிறகு அவர் குடும்ப பென்ஷன் கேட்கும் நாளில்தான் இந்த மூன்று கோமதியும் ஒரே கோமதி என்று நிரூபிக்க வேண்டிவரும். பிறந்த தேதி வேறாக இருந்தால் இன்னும் விசேஷம்.

இதைத் திருத்த ஜவானுக்கு ஒரு வசதி உண்டு, நமக்கு இல்லை. ஜவான்களின் ஆவணங்கள் அவரவர் ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாய் என்றால் குன்னூர் பஸ் ஏறி வெலிங்டனில் இறங்கி, தமிழிலேயே பேசி, வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். அதிகாரிகளின் ஆவணங்கள் டெல்லி ராணுவத் தலைமையகத்தில், அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையின் எம்பி 5, எம்பி 6 பிரிவுகளில். தமிழ்நாட்டில் செட்டில் ஆன அதிகாரியின் விதவை டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டும். நம் கம்பெனி ஹவில்தாரின் மனைவிக்கு இருக்கும் அந்தச் சௌகரியம் நம் மனைவிக்கு இல்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது. எங்கள் வீட்டில் பெயர்த் திருத்தம் நான் இருக்கும்போதே முடிந்துவிட்டது. பென்ஷன் தொகைக்கு ஐந்து, தளத்துக்கு மூன்று. ஓடிபி பதிவு செய்த போனுக்குத்தான் வரும், அந்த சிம்மை யாரும் அவசரப்பட்டு ரத்து செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கேன்டீனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே ராணுவச் சேவை அதுதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். கேன்டீனை நடத்தும் சிஎஸ்டி துறை 1948-லிருந்து இருக்கிறது, பொருள்களுக்கு ஜிஎஸ்டியில் பாதிச் சலுகை, அதுதான் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி. சோப்பு, டீத்தூள், பேஸ்ட், ஹார்லிக்ஸ் வகையறாவுக்குப் போகலாம். டிவி, ஃபிரிட்ஜ், கார் போன்ற பெரிய சாமான்களுக்கு 2021-லிருந்து இணையத்திலேயே ஆர்டர் போடலாம், அதில் லாபம் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியும். ஸ்டாக் எடுக்கிறோம் என்று மூடியிருக்கும் நாளைத் தெரிந்துவைத்துக்கொள்ளாமல் போனால் ஆட்டோ காசு தண்டம். அப்புறம் அந்த இன்னொரு கார்டு, சரக்கு வாங்குவதற்கானது. பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட மறந்துபோன மாமாகூட டிசம்பர் மாசம் "மாப்ளே, மிலிட்டரி சரக்கு ஏதாவது இருக்கா?" என்று போன் செய்வார். கோட்டா என்று ஒன்று இருப்பதை எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஏதோ வீட்டுக் கொல்லையில் ரம் கிணறு இருப்பதாக நினைப்பு. வெளியே கொடுப்பது விதிமீறல், கார்டு போய்விடும், நான் பிடிவாதமாக மறுப்பதால் குடும்பத்தில் எனக்குக் கஞ்சன் என்று பெயர். என் மனைவி கார்டை எடுத்துக்கொண்டு தானே போய் வருகிறார். நாலு மார்க்.

சரி, ஈசிஹெச்எஸ், அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

2003 ஏப்ரல் 1-ல் இந்த மருத்துவத் திட்டம் ஆரம்பிக்கும்வரை முன்னாள் ராணுவத்தினருக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இடமிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். இப்போது ரிட்டயர் ஆகும்போது ஒரே ஒருமுறை பணம் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுக்க. அதிகாரிக்கு 1,20,000 ரூபாய், ஜேசிஓவுக்கு (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளுக்கு) 67,000, ஹவில்தார் வரை 30,000. வயது வரம்பு இல்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு விலக்கு இல்லை, மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. தனியார் இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் 60 வயது சர்க்கரை நோயாளி என்று சொல்லி பிரீமியம் கேட்டுப்பாருங்கள், அப்போது இந்த 1,20,000-ன் அருமை புரியும். நாம் போன பிறகும் மனைவிக்கு அதே கார்டு செல்லும், மேற்கொண்டு கட்ட வேண்டியதில்லை. வேலையில்லாத மகனுக்கு 25 வயது வரை, மணமாகாத, வேலையில்லாத மகளுக்கு வயது வரம்பின்றி, மாச வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டாத பெற்றோருக்கும் உண்டு. திட்டமாகக் காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல மருத்துவப் பாதுகாப்பு இந்த நாட்டில் யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

நடைமுறை எப்படி என்றால், முதலில் பாலிகிளினிக் போக வேண்டும். நாடு முழுக்க நானூறுக்கும் மேல் இருக்கின்றன. டாக்டர் பார்ப்பார், மருந்து கொடுப்பார், பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் பட்டியலில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்கு ரெஃபரல் கொடுப்பார், எந்த மருத்துவமனை என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். அங்கே அதிகாரி குடும்பத்துக்குத் தனி அறை, பில்லை அவர்களே அரசுக்கு அனுப்பிக்கொள்வார்கள். பாலிகிளினிக் டாக்டரும் ஊழியரும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், எனவே பிடித்துப்போன டாக்டர் மறுமுறை இருப்பார் என்று சொல்ல முடியாது. இருதய மாத்திரை இந்த மாசம் ஒரு கம்பெனி, அடுத்த மாசம் வேறு கம்பெனி, கலர் மாறியிருக்கும், வயதானவர்கள் குழம்பிப்போவார்கள். இல்லாத மருந்துக்கு என்.ஏ. (கையிருப்பில் இல்லை) என்று முத்திரை போட்டுக் கொடுப்பார்கள், வெளியே வாங்கி பில்லைக் கொடுத்துப் பணம் பெறலாம். சின்னத் தொகைக்கு யார் அலைவது என்று பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

காத்திருக்கும் பெஞ்சு எனக்குப் பிடிக்கும், வெளிப்படையாகச் சொல்கிறேன். ராணுவத்தில் அதிகாரி மெஸ் வேறு, ஜேசிஓ மெஸ் வேறு, ஜவான்கள் சாப்பிடும் லங்கர் வேறு. இங்கே மூட்டு வலிக்கு ரேங்க் கிடையாது. 1971 போரில் கிழக்கே போன ஒரு நாயக் பக்கத்தில் உட்கார்ந்து "சார், உங்களுக்கு எந்த முழங்கால்?" என்று கேட்பார். சில சீனியர்களுக்கு இது பிடிப்பதில்லை. டோக்கன் வரிசையில் கூப்பிட்டால் "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பிப்பார்கள், கவுன்டரில் இருக்கும் பெண் "தெரியும் சார், நாற்பத்திரெண்டு" என்று டோக்கன் நம்பரைச் சொல்வார்.

கஷ்டம் ஆரம்பிப்பது தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில். ஒரு ராத்திரி எனக்கு நெஞ்சில் இறுக்கம், வேர்வை, மனைவிதான் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பட்டியலில் இருக்கும் பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். கார்டைக் காட்டியதும் "ஈசிஹெச்எஸ்ஸுக்கு பெட் இல்லைங்க மேடம், கேஷ்னா பார்க்கலாம், இப்போதைக்கு ஒரு டெபாசிட் கட்டிடுங்க" என்றார்கள். நானாக இருந்தால் குரலை உயர்த்தியிருப்பேன், ஸ்ட்ரெச்சரில் கிடந்ததால் முடியவில்லை. என் மனைவி சத்தமே போடவில்லை. "எமர்ஜென்சியில் அட்வான்ஸ் கேட்கக் கூடாதுன்னு உங்க ஒப்பந்தத்திலேயே இருக்கு. பெட் இல்லைன்னா அதை உங்க லெட்டர்ஹெட்ல எழுதி, நேரம் போட்டு, சைன் பண்ணிக் கொடுங்க, நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். எழுதித் தர யாரும் தயாரில்லை. கொஞ்ச நேரத்தில் பெட் வந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்து, தனி அறையில் இருந்து, ஒரு பைசா கட்டாமல் வீட்டுக்கு வந்தேன். வைத்தியத்தில் குறையே இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பது புரியாத விஷயமில்லை. அரசு நிர்ணயித்த சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) விலைக்குத்தான் பில் போட முடியும், அந்தப் பணமும் தாமதமாக வருகிறது என்பது அவர்கள் வெகுநாளாகச் சொல்லும் குறை. கேஷ் நோயாளி கையில் காசோடு நிற்கும்போது நம் கார்டைப் பார்த்து அவர்கள் முகம் சுருங்குவதன் கணக்கு அதுதான். அதைச் சரிசெய்ய வேண்டியது மேலே இருப்பவர்கள். அதுவரை வரவேற்பு மேஜையில் விதி தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், ராத்திரி வேளையில் அந்த ஆள் மனைவியாகத்தான் இருக்கப்போகிறார். பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு அவசரத்தில் போக நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும், பணத்தை நாமே கட்டி அப்புறம் சிஜிஹெச்எஸ் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இந்த 48 மணி நேரம் தெரியாமல் லட்சக்கணக்கில் சிக்கியவர்கள் உண்டு. காது மெஷினும் இதில் கிடைக்கும். பீரங்கிக்காரர்கள் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், போஃபர்ஸ் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றுவிட்டு "நீ மெதுவாப் பேசறே" என்று வீட்டில் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு வலது காதில் இருக்கிறது. திட்டத்துக்கு ஐந்து, நடைமுறைக்கு மூன்று, சராசரி பார்த்தால் நாலு போடலாம். என் மனைவி நாலரை என்கிறார், அந்த ராத்திரியை நடத்தியவர் அவர், எனவே அவர் மார்க்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மறுவாழ்வுப் பயிற்சி. டிஜிஆர் என்ற ராணுவ மறுவாழ்வு இயக்குநரகம் மூலமாக ஐஐஎம் போன்ற இடங்களில் 24 வாரப் படிப்பு, கட்டணத்தில் 60 சதவீதம் அவர்கள் கொடுப்பார்கள், 40 நம் கை. ஜவான்களுக்கு அவர்களுடைய படிப்புகள் இலவசம். நான் போனேன், பாடம் நன்றாகவே இருந்தது. ஆனால் 54 வயதில் ரெஸ்யூமே எழுதி, "உங்கள் டீம் எவ்வளவு பெரியது?" என்று முப்பது வயது ஹெச்ஆர் கேட்டால் ரெஜிமென்டின் பலத்தைச் சொல்லவா, சபை நாகரிகத்துக்குக் குறைத்துச் சொல்லவா என்று அந்தப் பாடத்தில் சொல்லித் தருவதில்லை. வந்த வாய்ப்புகளில் முக்கால்வாசி செக்யூரிட்டி, இல்லாவிட்டால் அட்மின். கேட்டில் யார் வருகிறார் போகிறார் என்று பார்க்கவா பீரங்கி சுடக் கற்றோம் என்று கோபம் வரும், அப்புறம் சம்பளத்தைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும். என் கோர்ஸ்மேட் ஒருவர் முன்னாள் ராணுவத்தினருக்கான நிலக்கரிப் போக்குவரத்துத் திட்டத்தில் பெயர் கொடுத்துவிட்டு காத்திருக்கிறார், இன்னொருவர் எதுவும் வேண்டாம் என்று திருநெல்வேலிப் பக்கம் வாழை போட்டிருக்கிறார். பயிற்சிக்கு மூன்று மார்க். ஐஐஎம்மில் இடம் கிடைக்க ரிட்டயர்மென்ட் உத்தரவு வந்த கையோடு விண்ணப்பியுங்கள், சீட் குறைவு, சீனியாரிட்டி எல்லாம் அங்கே பேசாது.